வரம் வேறு, உரிமை வேறு: இரணியனை மறுபடியும் படிப்போம்

(மணிமங்கலம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஷிஃப்ட் காரணமாக வர முடியாத தோழர்கள் படிப்பதற்காகப் பதிவிடுகிறோம்.)



நம்ம மணிமங்கலம் சரித்திரத்துல இடம் பிடிச்ச ஊர். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன், சாளுக்கியன் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களில் இதுவும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது. தோற்று ஓடியவன் முதுகிலேயே ‘வெற்றி’ என்று எழுதியதாகவும் அதே செப்பேடு சொல்கிறது. எழுதுறவன் ஜெயிச்சவன். தோத்தவனுக்கு முதுகுதான் மிச்சம்.

புராணத்திலும் இதே கதைதான். அந்தப் பல்லவன் பேரில் இருக்கிற நரசிம்மம் யாரைக் கொன்றது? இரணியனை. அவன் முதுகில் என்ன எழுதி வைத்தார்கள்? ‘ஆணவக்காரன், அரக்கன்.’

வால்மீகியில் இரணியன் வதைப் படலம் கிடையாது. கம்பர் சேர்த்தது. அதை யார், யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வீடணன், இராவணனிடம் சொல்கிறான். எதிர்த்துக் கேட்டவனுக்கு என்ன ஆச்சு தெரியுமா, அடங்கிப் போ என்கிற எச்சரிக்கை அது.

இரணியன் கேட்டது என்ன? ‘கடவுள் எங்கும் இருக்கிறான்னு சொல்றியே, இந்தத் தூணில் இருக்கிறானா? காட்டு.’ ஆதாரம் கேட்டான். அதுக்கு விளக்கமா வந்துச்சு? நகம் வந்துச்சு. வயித்தைக் கிழிச்சுது. கேள்விக்கு வன்முறையைப் பதிலாகக் கொடுத்த கதையை, பக்திக் கதை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதைத் திருப்பிப் போட்டவர் பாவேந்தர் பாரதிதாசன். 1934-இல் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தில், நடந்தது அவதாரம் இல்லை, சூழ்ச்சி என்று காட்டினார். 1946-இல் புலவர் குழந்தை இராவணனைத் தலைவனாக வைத்து ‘இராவண காவியம்’ பாடினார். 1948-இல் அதற்குத் தடை. தடை நீங்கியது 1971-இல். 23 வருஷம்! புத்தகத்துக்கும் நகம்தான் பதில்.

ஆனால் தோழர்களே, பகுத்தறிவுன்னா நம்ம ஆள் என்று நினைக்கிறவனையும் கேள்வி கேட்கணும். இரணியன் செஞ்ச தப்பு என்ன?

ஒன்று, கடவுள் பேரைச் சொல்லாதே என்றவன், என் பேரைச் சொல்லு என்றான். காலியான நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தான். மறுத்துப் பேசிய சொந்தப் பிள்ளையையே சித்திரவதை செய்தான். அதை நாம் நியாயப்படுத்த முடியாது.

இரண்டு, இதுதான் முக்கியம். கடவுளை மறுத்தவன், மேலிருந்து கிடைத்த வரத்தை நம்பினான். மனுசனாலும் சாவு இல்லை, மிருகத்தாலும் இல்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கேட்க எவ்வளவு பாதுகாப்பா இருக்கு! ஆனா அந்தி நேரம்னு ஒண்ணு இருக்கு. வாசப்படின்னு ஒண்ணு இருக்கு. அந்தச் சந்துலதான் அவனை முடிச்சாங்க. நாத்திகம் பேசியதால் அவன் சாகவில்லை. நாத்திகத்தைப் பாதியில் நிறுத்தியதால் செத்தான்.

இதை ஏன் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளிகிட்ட வந்து சொல்றேன்? அந்த வாசப்படியில இன்னைக்கு நிக்கிறது நீங்கதான்.

1981-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரம் ஆகணும். நல்ல சட்டம். ஆனா 480 நெருங்கும்போது என்ன நடக்குது? ‘கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்கோப்பா.’ திரும்பி வந்தா வேற கான்ட்ராக்டர் பேர்ல புது ஐடி கார்டு. இல்லைன்னா ‘டிரெய்னி’. அதே லைன், அதே மெஷின், அதே சூப்பர்வைசர். நீங்க நிரந்தரமும் இல்லை, வேலை இல்லாதவரும் இல்லை. கம்பெனிக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

இதுக்கு நாம என்ன சொல்றோம்? ‘எல்லாம் தலையெழுத்து.’ வீட்ல விளக்கேத்திக் கும்பிடுற அம்மாவை நான் கேலி பண்ண வரலை. அது அவங்க மனசு. ஆனா பிரேக் கொடுத்தது பிரம்மா இல்லை. அந்தத் தாளில் ஒரு மனுசன் கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. தலையெழுத்தைத் தட்டிக் கேட்க முடியாது. கையெழுத்தைக் கேட்கலாம்.

அதனால் இதைப் படிக்கிற தோழரே, இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. பழைய ஐடி கார்டைத் தூக்கிப் போடாதீங்க. சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. எண், வருகைப் பதிவு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போடுங்க. நாள் கணக்கை நீங்களே ஒரு நோட்டுல எழுதுங்க. உங்க லைன்ல இருக்கிற பத்துப் பேரையும் எழுத வையுங்க. ‘காட்டு’ன்னு இரணியன் கேட்டான். நம்மகிட்ட ‘காட்டு’ன்னு கேட்டா, எடுத்துக் காட்ட நம்ம கையில கணக்கு இருக்கணும்.

வரம் கொடுத்தவனே அதுல சந்தும் வைப்பான். உரிமை அப்படி இல்லை. அது சேர்ந்து நின்னு வாங்குறது, சேர்ந்து நின்னு காப்பாத்துறது. இரணியன் தனியா நின்னான். நாம தனியா நிக்க வேண்டாம்.