இது எந்தப் படம்?

நடுவர் அவர்களே! வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலிலே திரண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

உள்ளங்களை இணைத்தது பழைய 'மிலே சுர் மேரா தும்ஹாரா'வா, 2010-இல் அதையே திரும்ப எடுத்தார்களே, 'ஃபிர் மிலே சுர்', அதுவா? பழசுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி பெரிய பட்டியலே படிச்சார். புதுசுல ஏ.ஆர்.ரஹ்மான் இருக்கார், ஜேசுதாஸ் இருக்கார், சூர்யா, விக்ரம் இருக்காங்கன்னார். இருக்கட்டும் தம்பி. எவ்வளவு நேரம் ஓடுதுன்னு சொன்னீங்களா? பதினாறு நிமிஷத்துக்கு மேல! பழசு ஆறே நிமிஷம். பழைய பாட்டு முடியறதுக்குள்ள அடுப்புல பால் காயும். புதுசு முடியறதுக்குள்ள அது பால்கோவாவே ஆயிடும்! (சிரிப்பு)

1988 ஆகஸ்ட் 15. செங்கோட்டையிலே பிரதமர் ராஜீவ் காந்தி பேசி முடிச்சதும் தூர்தர்ஷன்ல இந்தப் பாட்டு வந்தது. மூணு வருஷம்கூட ஆகலை, 1991 மே 21-ல் இதோ பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்ல... வேண்டாம், அதைப் பேசினா தொண்டை அடைக்கும். பாட்டுக்கு வர்றேன்.

அருவிக் கரையிலே பீம்சேன் ஜோஷி பைரவி ராகத்துல ஆரம்பிப்பார். அந்த அருவி எங்கே தெரியுமா? நம்ம கொடைக்கானல்ல! எழுதினவர் பியூஷ் பாண்டே. பதினேழு தடவை எழுதிக் கொடுத்தும் தேறலை; பதினெட்டாவதுதான் தேறிச்சு. பதினாலு மொழி. ஆனா சேதி ஒண்ணுதான்: ரெண்டு பேர் குரலும் கலக்கட்டும். அதையே காஷ்மீரியில சொல்வாங்க, வங்காளத்துல சொல்வாங்க, யானைமேல உட்கார்ந்த பாகன் மலையாளத்துல சொல்வார். கடற்கரையிலே பாலமுரளிகிருஷ்ணா வந்து தமிழ்ல பாடினாரே, அந்த நிமிஷம் நமக்குப் பாக்கி பதிமூணு மொழியும் புரிஞ்சு போச்சு! யாரும் அகராதி எடுக்கலை. (கைதட்டல்)

அதுல மட்டும் நட்சத்திரங்கள் இல்லையான்னு கேட்டார் தம்பி. அமிதாப் இருந்தார், கமல் இருந்தார். ஆனா வந்தாங்க, நகர்ந்துட்டாங்க. கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன் மொய் எழுதிட்டு, பந்தியிலே நம்ம பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடற மாதிரி. புதுசுல மொய் எழுத வந்தவங்களே மணமேடையில ஏறி உட்கார்ந்துட்டாங்க! இத்தனைக்கும் ரெண்டையும் படமாக்கினவர் ஒரே கைலாஷ் சுரேந்திரநாத். ரெண்டுலயும் லூயிஸ் பாங்க்ஸ் இசை உண்டு. கைத்திறன்ல குறை சொல்ல மாட்டேன். யாரை நடுவுல வைக்கிறோம்ங்கிறதுலதான் வித்தியாசம்.

நடுவர் அவர்களே, புதுப் பாட்டு வந்தது 2010 ஜனவரி 26. அதே வருஷம் மார்ச்சிலே ஒரகடத்துல ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை திறந்தாங்க. இந்தப் பக்கம் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் டீக்கடைக்கே வந்துடுச்சு. எங்க மாமியாருக்கு இங்கே நாலு ரூம் வாடகைக்கு இருக்கு. "பாஷை தெரியாத பசங்களுக்குக் கொடுக்க மாட்டேன்"னு பிடிவாதமா இருந்தாங்க. காலி ரூம் எத்தனை மாசம் பூட்டிக் கிடக்கும்? கடைசியில ஒரு ஒடிசாப் பையன் வந்தான்.

போன ஆகஸ்ட் பதினைந்து, அவன் செல்போன்ல புதுப் பாட்டு ஓடிச்சு. மாமியார் எட்டிப் பார்த்தாங்க. "அட, சூர்யா! விக்ரம்! இது எந்தப் படம்டா?" (பலத்த சிரிப்பு)

அவன் முழிச்சுட்டு, பழைய பாட்டைப் போட்டான். மாமியார் திண்ணையிலே உட்கார்ந்துட்டாங்க. தமிழ் வரி வந்ததும் கூடவே பாடினாங்க. ஒடியா வரி வந்தது, அவன் பாடினான். "இது உன் பாஷையாடா? இத்தனை வருஷமா கேட்டிருக்கேன், எந்த ஊருன்னு தெரியாம இருந்துட்டேனே"ன்னாங்க.

அதுக்காக வாடகையைக் குறைச்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க. மோட்டார் போடறதுல ரெண்டு பேருக்கும் இன்னைக்கும் சண்டைதான். இப்போ அவன் தமிழ்ல சண்டை போடறான், அவ்வளவுதான்!

(கைதட்டல்)