மூக்கறிந்த நஞ்சும் மூக்கறியாத நஞ்சும்



2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ஆம் தேதி இரவு, மும்பை மாநகரின் கிழக்குப் புறநகர்களில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு துர்நாற்றம் வீடுகளுக்குள் புகுந்தது. செம்பூர், கோவண்டி, பவாய் என்று பேட்டை பேட்டையாக அது பரவிற்று. சமையல் வாயு கசிகிறதோ என்று அஞ்சியவர்கள் அடுப்பை அணைத்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். தீயணைப்பு நிலையத்துத் தொலைபேசி மணி ஓயவில்லை. எரிவாயுக் குழாய்களைச் சோதித்தவர்கள் கசிவு எதுவும் இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி இரவும் இதே கதைதான். மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று மாநகராட்சி அறிவித்தது.

அந்தப் புறநகர்களில் நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. இன்று இதைக் கேட்கும் உங்களில் சிலரே அன்றிரவு தெருவில் நின்றிருக்கக்கூடும். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் சொந்த ஊர் நினைவுக்கு வந்தது. கோலார் தங்கவயலின் வடகோடியில் உள்ள பாலகாட் என் ஊர்.

மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று வரிசையாக அமைந்த சுரங்கங்கள் அவை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிப் போன தமிழர்களே பெரும்பாலும் அவற்றில் இறங்கி உழைத்தவர்கள். மூங்கில் தட்டி வேய்ந்த 'லைன்' வீடுகளில் மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்தார்கள். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை சென்று பாறையை உடைத்தார்கள். அந்தப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் ஊறவைத்தால் தங்கம் அதில் கரைந்துவிடும். பின்பு துத்தநாகத்தைக் கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள். 1887-இல் கிளாஸ்கோ நகரத்தில் மக்கார்தரும் பாரஸ்டு சகோதரர்களும் கண்டுபிடித்த முறை இது. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் சில கிராம்தான். எஞ்சிய மாவு முழுவதும் வெளியே கொட்டப்பட்டது. அப்படிக் குவிந்தவைதாம் எங்கள் ஊர்க்காரர்கள் சயனைடு மலை என்று அழைக்கும் வெண்குன்றுகள்.

ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் அந்த மலை ஊருக்குள் வந்துவிடும். சோற்றில் மாவு, பாயில் மாவு, தலையணையில் மாவு. என் தாயார் தண்ணீர்க் குடத்தை இரட்டைத் துணியால் வேடு கட்டி வைப்பார். மழை ஓய்ந்து வெயில் காயும் நாட்களில் மேட்டுப் பக்கத்திலிருந்து புளித்த நெடி ஒன்று வரும். அந்த நாளில் மட்டும் எல்லாரும் முகம் சுளிப்போம். "இன்றைக்கு மலை நாறுகிறது" என்று பேசிக்கொள்வோம். நெடி போனால் பேச்சும் போய்விடும். ஆனால் தூசி போவதில்லை. அதைப் பற்றி எவரும் பேசியதும் இல்லை.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். தொல்காப்பியர் அறிவின் வரிசையில் மூக்கை மூன்றாம் படியில் வைத்தார். நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. மூக்கு மகத்தான காவலன் என்பதில் ஐயமில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர்ப் பக்கம் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்களை உறக்கத்திலிருந்து எழுப்பி ஓடச் செய்தது அதன் நெடியும் எரிச்சலுமே. சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மணமற்ற வாயு கசிந்து ஒரு பள்ளிக்கூடமே வெடித்துச் சுமார் 300 உயிர்கள் மடிந்தன. அதன் பின்னரே, கெட்ட நாற்றமுள்ள ஒரு பொருளை வேண்டுமென்றே வாயுவில் கலக்கச் சட்டம் செய்தார்கள். ஆகவே அந்த நாற்றம் மனிதனே ஏற்படுத்திக்கொண்ட எச்சரிக்கை மணி.

ஆனால் இந்தக் காவலனுக்கும் கண் தெரியாத இடங்கள் உண்டு. சயனைடு ஆவிக்குக் கசந்த பாதாம்பருப்பின் மணம் என்பார்கள். அந்த மணத்தை அறியவே இயலாத மூக்குடன் பிறந்தவர்கள் பலர். மேடுகளில் எஞ்சிய சயனைடாவது வெயிலில் நாளடைவில் சிதைந்து குறையும். நுண்ணிய கற்றூசி சிதைவதில்லை; அதற்கு மணமும் இல்லை. நுரையீரலில் போய் அமர்ந்து, மெல்ல மெல்ல மூச்சைக் குடிக்கும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோயைப் பற்றி இந்திய நாட்டில் முதன்முதலாக ஆராய்ந்ததே எங்கள் தங்கவயலில்தான். 1940 முதல் 1946 வரை நடந்த சோதனையில், பார்க்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் அந்நோய் காணப்பட்டது.

ஒரு நாள் நாறினால் மாநகரமே தெருவுக்கு வருகிறது. நூறாண்டு தூசி படிந்தால் ஒரு தெரு கூட எழுந்து நிற்பதில்லை. இது மக்களின் குற்றமன்று. நாற்றம் கதவைத் தட்டுகிறது, தூசி தட்டாமலே உள்ளே வந்துவிடுகிறது. ஆகையால் தட்டும் ஓசை கேட்காத இடத்தில் நாமே போய்ப் பார்த்தாக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை எவை? இனந்தெரியாத நாற்றம் வந்தால், முதலில் அது எரிவாயுவோ என்று ஐயுறுங்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள், மின்சார பொத்தானைத் தொடாதீர்கள். வெளியே இருப்பவர்கள் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். பின்பு எந்த மணிக்கு வந்தது, காற்று எப்பக்கம் வீசிற்று, எத்தனை நேரம் நின்றது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாற்றம் காற்றோடு கரைந்துபோகும், குறிப்பு கரையாது. நூறு வீடுகளின் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நாற்றம் புறப்பட்ட வாசலைக் கண்டுபிடிக்க வழி பிறக்கும். தனித்தனியே பதறுவதைவிடச் சேர்ந்து கேட்பது பயன் தரும்.

எங்கள் ஊருக்கும் இந்தப் பாடம் இப்போது மிகவும் வேண்டியிருக்கிறது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. 13 குன்றுகள் எஞ்சி நின்றன. அவற்றில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண் இருப்பதாகக் கணக்கு. அதில் இன்னும் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்க, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக அரசு இசைவு அளித்தது. ஊருக்குப் பிழைப்பு வருமானால் எவர் வேண்டாம் என்பார்? ஆனால் மலையைக் கிளறினால் தூசியும் கிளம்பும். அதை நனைத்து அடக்கும் ஏற்பாடு என்ன, காற்றை அளப்பவர் யார், அளந்த கணக்கை எந்தச் சுவரில் ஒட்டுவார்கள் என்ற மூன்று கேள்விகளையும் முதல் கூடை மண் எடுக்கப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பாலகாட்டை விட்டு நான் வந்து நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் ஆடி பிறந்தால் கை தானாகக் குடத்தின் வாயை மூடத் துணி தேடுகிறது. என் தாயாருக்கு ரசாயனம் தெரியாது. மணமில்லாததையும் அஞ்ச வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.