கரும்பு வெட்டப் போகும் பிள்ளையை எந்தக் கணக்கில் எழுதுவது?

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இடம்பெயரும் தொழிலாளர்களின் குழந்தைகள் என்றதும் வெளிமாநிலத்திலிருந்து இங்கு வருவோரின் பிள்ளைகள்தாம் நம் நினைவுக்கு வருவார்கள். நான் பேசவிருப்பது நம் ஊரிலிருந்து வெளியே போகிற பிள்ளைகளைப் பற்றி. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

அந்த வேலை நடக்கும் விதம் தெரிந்தால்தான் சிக்கல் புரியும். பருவம் தொடங்கும் முன்பே மேஸ்திரி முன்பணம் கொடுத்துவிடுவார். ஆலையில் அரவை தொடங்கி வெட்டு உத்தரவு வந்ததும் குடும்பம் கிளம்பிவிடும். கூலி டன் கணக்கில். கணவர் வெட்ட, மனைவி சோகை கழித்துக் கட்டு கட்டுவார். இருவரும் உழைத்தால்தான் முன்பணம் கழியும். ஒரு கொல்லை முடிந்தால் அடுத்த ஊர். தங்குவது வயலோரத்துத் தார்ப்பாய்க் குடிசையில். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வேண்டும். அந்த மூத்த பிள்ளைதான் நம் வகுப்பில் படிப்பவள்.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயிடம், "பாப்பாவை இங்கேயே விட்டுட்டுப் போங்கம்மா" என்று ஒருமுறை கேட்டேன். "விட்டுட்டுப் போறேன் சார். ராத்திரிக்கு யாரு சோறு போடுவா? யாரு துணைக்குப் படுப்பா?" என்று திருப்பிக் கேட்டார். படிப்பின் அருமை தெரியாதவர் கேட்கும் கேள்வி இல்லை இது.

மதியம் சத்துணவு இருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டது. இரண்டு வேளை உணவை அரசு நிதி தருகிறது. மீதி இருப்பது ஒரு வேளைச் சோறும் இரவுப் பாதுகாப்பும்தான். அந்தத் தாய் கேட்டதும் அதைத்தான்.

அதற்கும் நிதி ஒதுக்க வழி இருக்கிறது. 2018-19 முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம்பெயரும் குழந்தைகளுக்கான பருவகால விடுதிக்கும், விடுபட்ட பாடங்களை ஈடுகட்டும் சிறப்புப் பயிற்சிக்கும் இடம் உண்டு. மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தரும் திட்டம் அது. மராட்டிய மாநிலத்தில் பீட் மாவட்டம் போன்ற பகுதிகளிலிருந்து கரும்பு வெட்டப் போவோரின் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகளை நடத்துகிறார்கள். அங்குள்ள கரும்பு வெட்டும் தொழிலாளர் நலக் கழகத்துக்கு, டன்னுக்கு 10 ரூபாயை ஆலைகளும் அதற்கு ஈடான தொகையை அரசும் தருவதென முடிவு செய்திருக்கிறார்கள். கரும்பிலிருந்தே வெட்டுவோரின் நலனுக்குப் பணம் எடுக்கும் ஏற்பாடு இது.

அப்படியானால் நம் பிள்ளைக்கு ஏன் வரவில்லை? நிதி எண்ணிக்கையின் வழியே வருகிறது. ஆண்டுப் பணித்திட்டத்தில் மாவட்டம் காட்டும் எண்ணிக்கைக்குத்தான் ஒதுக்கீடு கேட்க முடியும். நம் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. ஆகவே அவள் 'பள்ளி செல்லாக் குழந்தை' இல்லை. போன ஊரில் கணக்கெடுப்புக்கு வரும்போது குடிசையில் ஆள் இருக்காது. பக்கத்துப் பள்ளியில் கேட்டால், "எமிஸில் வேறு பள்ளியில் இருக்கிறாளே" என்பார்கள். இரண்டு ஊரிலும் இருக்கிறாள். இரண்டு கணக்கிலும் இல்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 'இடைநிற்றல் இல்லாப் பள்ளி' என்ற பெயர் நம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் நாம் அறிக்கையில் எழுதும் சுழியம்தான் நிதிக் கோரிக்கையிலும் சுழியமாகப் போய் நிற்கிறது. உயர் அலுவலர்களிடமும் ஒரு பணிவான வேண்டுகோள். உள்ளபடி எண்ணிக்கை தந்த தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள். அந்த எண்ணிக்கையை வைத்து மேலே விடுதி கேளுங்கள்.

நம் கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஐப்பசியிலேயே பட்டியல் எடுங்கள். யார் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். பிள்ளையின் பெயர், வகுப்பு, போகும் ஊர், மேஸ்திரியின் தொலைபேசி எண் இருந்தால் போதும்.

இரண்டாவது, அந்தப் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, பருவகால விடுதி வேண்டும் என்று தீர்மானம் போட்டு வட்டார வள மையத்துக்கு அனுப்புங்கள். வாயால் சொல்வது கோப்பில் ஏறாது.

மூன்றாவது, பிள்ளை போய்விட்டால் போன ஊர்ப் பள்ளிக்கு நாமே பேசுவோம். அவள் எந்தப் பாடத்தில் எங்கே நிற்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்புவோம்.

நான்காவது, நம் ஊருக்கு அப்படி ஒரு பிள்ளை வந்தால் உடனே சேர்ப்போம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை 9ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்திருக்கிறது. அவளோடு வரும் கைக்குழந்தையைப் பற்றி அங்கன்வாடிப் பணியாளரிடமும் சொல்வோம். தம்பிக்கு அங்கே இடம் கிடைத்தால்தான் அக்கா வகுப்பில் உட்கார முடியும்.

இவற்றில் எதற்கும் தனி அரசாணை தேவையில்லை. நிதி வரச் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் அது வருவதற்கான முதல் தாள் நம் மேசையிலிருந்துதான் போக வேண்டும். அரவை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் பட்டியலைத் தொடங்குவோம்.