பேறுகாலம் வீட்டிலா, வைத்தியசாலையிலா?

(உப்புவெளியில் தாய்மாரும் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைகளிலே அதிகம் பேசப்படாத பொருள். காணியைப் பற்றிப் பேசுகிறோம். மொழியைப் பற்றிப் பேசுகிறோம். கடலையும் துறைமுகத்தையும் பற்றி மணிக்கணக்கிலே பேசுகிறோம். ஆனால் நம் பிள்ளைகள் பிறக்கின்ற அறையைப் பற்றி, ஆண்கள் கூடியிருக்கும் இடத்திலே பேசுவதற்கு நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைச் சிறிது நேரம் ஒருபுறம் வைத்துவிட்டு, நான் சொல்வதைக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தன் பேறுகாலத்தை வீட்டிலே கழிப்பதா, வைத்தியசாலைக்குச் செல்வதா? இது தீர்ந்துபோன கேள்வி என்று சிலர் எண்ணலாம். இலங்கையிலே இன்று 100 பிரசவங்களில் 99க்கும் மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன. அப்படியிருக்க இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். தீர்ந்தது என்று நாம் நினைத்த கேள்வி, இப்பொழுது கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்குள்ளே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பேசுகிறேன்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே திருப்பூரில் ஓர் இளந்தாய், யூடியூப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற முயன்றார். பிள்ளை பிழைத்தது, இரத்தம் நில்லாமல் தாய் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோயம்புத்தூரில் கைது செய்யப்பட்டார். அதோடு அந்தப் போக்கு நின்றதா? இல்லை. 2024 நவம்பரில், சென்னைக்கு அருகே குன்றத்தூரில் ஒரு தம்பதியர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்த வாட்சப் குழுவொன்றின் துணையோடு வீட்டிலே பிரசவம் நடத்திய செய்தி வந்தது. அங்கே தாயும் சேயும் தப்பினர். தப்பியது நல்லூழ், அதை ஒரு முறையென்று பிறருக்குப் போதிப்பது பெருந்தவறு.

இவர்களெல்லாம் படியாதவர்கள் அல்லர். படித்தவர்கள், தம் குடும்பத்தின்மீது அன்புள்ளவர்கள். ஆகவே அவர்களை ஏளனம் செய்வதால் பயனில்லை. அவர்கள் சொல்வதிலே உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதே அறிவுடையோர் செயல்.

அவர்கள் சொல்வது யாது? வீட்டிலே பெற்ற தாய் பக்கத்தில் இருப்பாள், பழகிய குரல் கேட்கும், வைத்தியசாலையிலே பெண் தனித்துக் கிடக்கிறாள், ஏச்சு வாங்குகிறாள், வேண்டாத இடத்திலும் வயிற்றைக் கிழிக்கிறார்கள். இது முழுப்பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வைத்தியசாலை என்பது தன்னளவிலே புனிதத் தலமும் அன்று. ஒரு காலத்திலே வீட்டைவிட அதுவே கொடிய இடமாக இருந்தது.

1847ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றிலே மருத்துவ மாணவர்கள்; மற்றதிலே மருத்துவிச்சிகள். மாணவர்களின் பிரிவிலே தாய்மார் சூதகக் காய்ச்சலால் மடிந்தனர். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 100க்கு 18 பேர் இறந்தார்கள். அந்தப் பிரிவிலே தம்மைச் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் காலைப் பிடித்து அழுதார்கள். செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணவறையிலே உடலை அறுத்த கைகளோடு மாணவர்கள் நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். குளோரின் கலந்த நீரிலே கைகழுவ வேண்டுமென்று அவர் கட்டளையிட்டார். ஜூலை மாதத்திலே இறப்பு 100க்கு 2க்கும் கீழே இறங்கியது. ஆகவே, தாயைக் காப்பது சுவரும் கட்டிலும் அல்ல. கழுவிய கையும் கற்ற அறிவுமே தாயைக் காக்கின்றன. இதை முதலிலே மனத்திற் கொள்ளுங்கள்.

அதே 1847ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்தார். நம்மவர்க்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1857ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழிலே அச்சேற்றினார். இந்த அறிவு நம் மொழிக்கு அந்நியமானது என்று இனி எவரும் சொல்லக் கூடாது. பிரசவம் பார்க்கும் விஞ்ஞானம் தமிழ் பேசத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1879இல் கொழும்பிலே டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஆயினும் 1930களிலே ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது 50 பிரசவத்துக்கு ஒரு தாய். ஒரு கிராமத்திலே ஆண்டுக்கு 50 தொட்டில் ஆடினால், ஒரு பாடையும் போயிற்று என்பதுதான் அந்தக் கணக்கு. அண்மைக் காலத்திலே அது இலட்சத்துக்கு 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஏறத்தாழ 3,000 பிரசவத்துக்கு ஒன்று. செல்வம் மிகுந்த நாடுகள் பலவும் வியந்து பார்க்கும் சாதனை இது.

இதைச் சாதித்தவர் யார்? பெரிய கட்டடங்கள் மட்டுமல்ல. பயிற்சி பெற்ற குடும்பநல மாது, ஒழுங்கையிலும் வரம்பிலும் நடந்து வீடு வீடாகப் போனாள். தொடக்க காலத்தில் அவள் வீட்டிலேயே பிரசவம் பார்த்தாள். தன் கைக்கு மிஞ்சியதை வைத்தியசாலைக்கு அனுப்பினாள். இலவச வைத்தியம் வந்தது. பிறபோக்கி மருந்துகள் வந்தன. இரத்தம் ஏற்றும் வசதி வந்தது. படிப்படியாகப் பிரசவம் வீட்டைவிட்டு வைத்தியசாலைக்குச் சென்றது. எவரும் துவக்கு முனையிலே தள்ளிச் செல்லவில்லை. தாய்மாரே கண்டு தேர்ந்த வழி அது.

இந்த இடத்திலே நம் பழைய மருத்துவிச்சிமாருக்கும் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். கொட்டியாரத்திலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும், பாதை மூடிய போர்க்காலத்திலே, இரவிலே விளக்கேற்றவும் அஞ்சிய நாட்களிலே, நம் பிள்ளைகளை ஏந்திய கைகள் அவை. அந்தக் கைகளை இழிவாகப் பேசுபவன் நன்றி கெட்டவன். ஆனால் அந்த ஆச்சிமாரிடமே கேட்டுப் பாருங்கள்: “ஆச்சி, நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்?” இரத்தப் பெருக்கு, வலிப்பு, குறுக்கே கிடந்த பிள்ளை என்றுதான் விடை வரும். வேறு வழியில்லாத காலத்திலே அவர்கள் செய்த சேவையை, வழியுள்ள காலத்திலே நாம் சாட்டாகச் சொல்லலாமா?

“என் அம்மம்மா பத்துப் பெற்றாள், பத்தும் வீட்டிலேதான்” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. உண்மை. ஆனால் அந்தப் பேச்சைப் பேசப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பிழையாதவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

விவசாயிகளே, உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கந்தளாய்க் குளக்கட்டு எத்தனை நூற்றாண்டு நின்றது! எத்தனை மாரியைத் தாங்கியது! 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையிலே அது உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின, வயல்கள் மண்மூடின. நேற்று வரை நின்றது என்பது இன்றைக்கு உத்தரவாதம் அல்ல. உடைப்பு எடுத்த பின்னர் மண்வெட்டி தேடிப் போகிறவனை நீங்கள் விவசாயி என்று சொல்வீர்களா?

பிரசவமும் அத்தகையதே. நிறைமாதத்திலே கருப்பைக்கு ஒரு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடி கழன்றதும், கருப்பை இறுகிச் சுருங்கி அந்த வாய்க்கால்களையெல்லாம் அடைக்க வேண்டும். பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. அடைக்காவிட்டால்? நல்ல உடற்கட்டுள்ள பெண்ணும் இரண்டொரு மணிநேரத்திலே உயிரை விடலாம். முன்னமே இரத்தச்சோகை உள்ளவளுக்கு அந்த நேரமும் இல்லை. ஒக்சிற்றோசின் என்னும் ஊசி கருப்பையை இறுக்குகிறது. அதற்கும் நில்லாவிட்டால் மாற்று இரத்தம் வேண்டும். சத்திர வைத்தியர் வேண்டும். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையிலே மக்னீசியம் சல்பேற்று வேண்டும். அம்மருந்து வலிப்பு வரும் அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002இல் பல நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. இவையெல்லாம் எந்த வீட்டுப் பெட்டகத்திலே இருக்கின்றன? யார் யாருக்கு இந்த ஆபத்து வரும் என்று முன்கூட்டியே முழுமையாகச் சொல்ல எந்தச் சோதிடராலும், எந்த வைத்தியராலும் முடியாது.

“இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் வெள்ளைக்காரப் பெண்கள் வீட்டிலே பெறுகிறார்களே” என்று ஒரு வாதம் உண்டு. பெறுகிறார்கள், மறுக்கவில்லை. எப்படி என்பதைக் கேளுங்கள். இங்கிலாந்திலே ஏறத்தாழ 64,000 பிரசவங்களை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்கள் எல்லோரும் ஆபத்துக் குறைந்தவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். வீட்டிலே பக்கத்தில் இருந்தவள் பட்டம் பெற்ற மருத்துவ மாது. அழைத்தால் வரும் வண்டி. சேர்ந்தால் திறக்கும் சத்திரக்கூடம். முன்னரே பிள்ளை பெற்றவர்களுக்கு வீட்டுப் பேற்றால் பிள்ளைக்குக் கூடுதல் கேடு காணப்படவில்லை. ஆனால் முதற்பிள்ளைத் தாய்மாரிலே 100க்கு 45 பேரை வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளைக்குக் கடுங்கேடு நேர்ந்ததோ, வைத்தியசாலையிலே 1,000க்கு 5 என்றால் வீட்டிலே 1,000க்கு 9. அவ்வளவு ஏற்பாட்டோடும் அந்த நிலை. வாட்சப்பையும் வெந்நீரையும் வைத்துக்கொண்டு அதை நாம் பின்பற்றலாமா?

ஆகவே என் முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது. பேறு வைத்தியசாலையிலேதான் நடைபெற வேண்டும். ஆனால் இதைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். மறுபாதி என்னவென்றால், வீட்டிலே பெண் தேடுகின்ற ஆறுதலை வைத்தியசாலைக்குள் கொண்டுவர வேண்டும். அந்த ஆறுதல் அங்கே இல்லாத வரையில், எத்தனை பேரைக் கைது செய்தாலும் வீட்டுப் பிரசவப் பிரசாரம் ஓயாது.

வலியெடுத்து வரும் பெண்ணுக்கு அருகே அவள் விரும்பும் ஒருவர் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. நடமாடவும், வசதியான நிலையிலே இருக்கவும், மரியாதையான சொல் கேட்கவும் அவளுக்கு உரிமை உண்டு என்றும் அது கூறுகிறது. இது சலுகை அன்று; வைத்தியத்தின் ஒரு பகுதி. தாயோ, தமக்கையோ, கணவனோ கைபிடித்து நின்றால் பிரசவம் இலகுவாகிறது என்பது ஆய்விலே கண்ட உண்மை.

அடுத்து மொழி. வலியிலே துடிக்கும் பெண்ணுக்கு இரண்டாவது மொழி வராது. “தலை இடிக்கிறது, கண் மங்குகிறது” என்று அவள் தமிழிலே சொல்லும்போது, அது வலிப்பின் முன்னறிவிப்பு என்று கேட்பவருக்கு விளங்க வேண்டும். விளங்காவிட்டால் உயிர் போகும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. அந்த எழுத்துக்கு முதலாவதாக உயிர் கொடுக்க வேண்டிய இடம் கந்தோர்ப் பெயர்ப்பலகை அன்று, பிரசவ அறை. தமிழ் பேசும் மக்கள் வாழும் இடமெல்லாம், இரவு முறையிலும் தமிழ் தெரிந்த ஒருவரேனும் அங்கே இருக்க வேண்டும். இதை நாம் இரந்து கேட்க வேண்டியதில்லை, உரிமையோடு கேட்கலாம்.

நம் வழக்கங்களுக்கும் வைத்தியசாலைக்கும் பகை ஒன்றுமில்லை. வீடு திரும்பிய பின் சரக்கு அரைத்துக் கொடுங்கள். வெந்நீர் வார்த்துக் குளிக்கவையுங்கள். 31ஆம் நாள் துடக்குக் கழியுங்கள். பத்திரகாளி அம்மன் சந்நிதியிலே பிள்ளையைக் கிடத்தி வணங்குங்கள். பெறுகின்ற அந்தச் சில மணிநேரத்தை மட்டும் கற்ற கையிடம் ஒப்படையுங்கள்.

இறுதியாகச் செய்ய வேண்டியவை சிலவற்றைச் சொல்லி அமைகிறேன். கருவுற்றது தெரிந்தவுடன் குடும்பநல மாதிடம் பதியுங்கள், கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். இரத்தம் கசிதல், தீராத தலையிடி, கண்மங்கல், முகவீக்கம், பிள்ளையின் அசைவு குறைதல், நீர்க்குடம் உடைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும். கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வந்துவிட்டது. தோணிக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஈச்சிலம்பற்றுப் போன்ற தூரத்து ஊரவர்கள், நாள் நெருங்குமுன்பே நகரத்து உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஆண்களே, உங்களுக்கு ஒரு சொல். வண்டியும் பணமும் இரத்தம் கொடுக்க ஆளும் ஆயத்தம் செய்வது உங்கள் கடமை. விதைப்புக்கு நாள் குறித்து, உழவு இயந்திரம் பேசி, விதைநெல் தெரிந்து வைக்கிறீர்கள். வீட்டுக்காரியின் பேறுகாலத்துக்கு அதில் பாதி ஆயத்தமேனும் செய்கிறீர்களா? “போகலாமா, விடலாமா” என்று ஆண்கள் முற்றத்திலே கூடி யோசித்துக்கொண்டிருந்த நேரத்திலே போன உயிர்கள் பல. அந்த முடிவை வலி வருமுன்பே எடுத்துவையுங்கள். அவளிடம் கேட்டு எடுங்கள், பெறப்போகிறவள் அவள்.

வைத்தியசாலைக்குப் போகும் உரிமை நமக்குக் கிடைத்துவிட்டது. அங்கே மதிப்போடும் தாய்மொழியோடும் பெறுகின்ற உரிமையையும் பெறுவோம். இரண்டும் கிட்டுமாயின், வீடா வைத்தியசாலையா என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய தேவை நம் பெண்மக்களுக்கு இராது.