எட்டோடு நின்றுவிடாதே



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு மாணவன் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தான். கையில் நடுநிலைப் பள்ளியில் வாங்கிய மாற்றுச் சான்றிதழ். “ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே சேரப் போகிறாய் தம்பி?” என்று கேட்டேன். “தெரியல சாமி. அப்பா தறிக்கு வரச் சொல்றாரு” என்றான். அவன் அழவில்லை. எப்போதும் நடக்கிற ஒன்றைப் போலச் சொன்னான். அதுதான் என்னை வருத்தியது.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்தில் வாழும் நமக்குத் தறிச் சத்தம் புதிதல்ல. நெசவு இழிவான தொழிலும் அல்ல. நம் ஆண்டவரே தச்சுப் பட்டறையில் வேலை செய்தவர்தான். ஆனால் எதற்கும் ஒரு காலம் உண்டு. பதிமூன்று, பதினான்கு வயது கற்பதற்கான காலம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை கட்டாய இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதாவது, சட்டம் பிள்ளையின் கையைப் பிடித்து எட்டாம் வகுப்பு வரை கூட்டி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிடிக்க வேண்டிய கை நம்முடையது. தேர்வில் தோற்றுப் படிப்பை விடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது யாரும் கவனிக்காமல், சத்தமில்லாமல் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. இன்று அவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்றபோது இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் வயதுக்குச் சற்றுக் குறைவு. மூன்று நாள் தேடிய பெற்றோர் அவரைக் கோவிலில் கண்டார்கள். அங்கே அவர் போதகர்கள் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டும் இருந்தார். இறைமகனே கேள்வி கேட்டார் என்றால், கணக்கு புரியவில்லை என்று ஆசிரியரிடம் சொல்ல நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஒன்பதாம் வகுப்பில் பாடம் கடினமாகத்தான் இருக்கும். புதிய பள்ளி பெரிதாக இருக்கும், பழைய நண்பர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் சிரமம் இருக்கலாம். பயப்படாதீர்கள். தெரியாததைக் கேட்பதுதான் படிப்பின் முதல் படி.

நம் திருத்தணியில் 1888-இல் பிறந்த ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். எளிய குடும்பம். திருத்தணியில் தொடங்கிய படிப்புக்காக அவர் திருப்பதிக்கும், பிறகு வாலாஜாபேட்டைக்கும், வேலூருக்கும், கடைசியில் சென்னைக்கும் போக வேண்டியிருந்தது. படிப்பு உதவித்தொகையை நம்பிப் படித்தவர் அவர். 1962-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். அவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த செப்டம்பர் 5-ஐத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். எல்லாரும் குடியரசுத் தலைவராக வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏற அந்தச் சிறுவனுக்கு இருந்த துணிவு உங்களுக்கும் வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அந்நாளில் பேருந்துகூட இல்லை!

பெற்றோரே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். கூலி குறைவு, கடன் அதிகம். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேருந்துப் பயண அட்டை இலவசம். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் உங்கள் பிள்ளை தேர்வு பெற்றிருந்தால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். படிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுபோகும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. “பொண்ணுதானே, எட்டு போதும்” என்று இனியும் சொல்லாதீர்கள்.

மரியாவும் யோசேப்பும் கூடத் தங்கள் மகன் சொன்னதை அன்று புரிந்துகொள்ளவில்லை. ஆனாலும் அவரைத் தேடிப் போனார்கள். மரியா எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டார். பிள்ளை படிக்கும் பாடம் நமக்குப் புரியாமல் இருக்கலாம். பிள்ளையைத் தேடிப் போக அது தடையில்லை.

பங்கு மக்களே, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் உங்கள் தெருவில் எட்டு முடித்த பிள்ளைகள் யார் யார் என்று பாருங்கள். “சேர்ந்துட்டியா பா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சேரவில்லை என்றால் பங்குத்தந்தையிடமோ தலைமையாசிரியரிடமோ சொல்லுங்கள். நான் அந்த மாணவனின் அப்பாவைப் பார்க்க இந்த வாரம் போகிறேன். என்ன பதில் வரும் என்று தெரியாது. நீங்களும் எனக்காகச் செபியுங்கள்.

அன்புப் பிள்ளைகளே, நாசரேத்தில் இயேசு ஞானத்திலும் வயதிலும் வளர்ந்ததுபோல நீங்களும் வளர ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.