வீடு கட்டுவதில் பகுத்தறிவு
(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் அறுவடை முடிந்ததும் வாசகசாலைக்குச் சொந்தக் கட்டடம் கட்டப்போகிறோம், அதற்கு ஏதாவது பிரயோஜனப்பட்டால் நல்லது" என்றார்கள். ஆகையால் கட்டடத்தைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன். நான் இஞ்சினீயர் அல்ல, கொத்தனாரும் அல்ல. ஆனால் வீட்டில் குடியிருக்கிறவன். சித்திரை மாதத்து இரவுகளில் விசிறியும் கையுமாக விடிய விடிய விழித்துக்கொண்டிருந்தவன். இந்த விஷயத்தைப் பற்றிப் பேச அந்த ஒரு யோக்கியதை போதும் என்று நினைக்கிறேன்.

தோழர்களே! நம் ஜனங்கள் வீடு கட்ட வேண்டுமானால் முதலில் யாரைப் போய்க் கேட்கிறார்கள்? மனை சாஸ்திரம் சொல்லுகிறவனைத்தான் கேட்கிறார்கள். அறை இத்தனை அடி இருந்தால் செல்வம், ஓரடி குறைந்தால் தரித்திரம் என்று அவன் சொல்லுகிறான். இவர்களும் கயிற்றைப் பிடித்து அளக்கிறார்கள். ஆனால் இந்தச் சுவர் மேற்கு வெய்யிலைத் தாங்குமா, இந்தக் கூரையின் கீழ் பிள்ளை தூங்குமா என்று ஒருவராவது கேட்கிறார்களா? செல்வம் வருகிறதோ இல்லையோ, வெய்யில் வருவது நிச்சயம். நிச்சயமாக வரப்போவதைப் பற்றி யோசிக்காமல், வருமா வராதா என்று தெரியாததற்காகத் தட்சணை கொடுக்கிறோம்.

இது ஒரு கூட்டம். பட்டணங்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. நான்கு பக்கமும் கண்ணாடியால் மூடி, உள்ளே வந்த உஷ்ணத்தை வெளியே தள்ள இரவும் பகலும் குளிர்சாதன யந்திரத்தை ஓட்டிக்கொண்டு, வாசலில் "பசுமைக் கட்டடம்" என்று பலகை மாட்டுகிற கூட்டம். உண்மையாகவே கணக்குப் பார்த்து அந்தப் பெயருக்குத் தகுதியோடு கட்டினவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பலகை மாட்டியதாலேயே ஒரு கட்டடம் பசுமையாகிவிடாது. அதுபோலவே "பழமையானது" என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது; "புதியது" என்பதாலும் ஆகிவிடாது.

பின் எப்படித் தெரிந்துகொள்வது என்றால், கணக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். கல்லாகட்டும், சிமெண்டாகட்டும், ஓடாகட்டும், ஒவ்வொன்றையும் நிறுத்தி நான்கு கேள்வி கேளுங்கள். உன்னைச் செய்ய எவ்வளவு நெருப்பு எரிந்தது? எவ்வளவு தூரம் வண்டியேறி வந்தாய்? உனக்குள் நான் குடியிருக்கும் காலமெல்லாம் விசிறிக்கும் யந்திரத்துக்கும் என்னிடம் எவ்வளவு பணம் கேட்பாய்? உன்னைச் செய்தவன் மனிதனாகப் பிழைத்தானா? இந்த நான்குக்கும் பதில் வாங்கிவிட்டால் போதும். சாஸ்திரமும் வேண்டாம், பலகையும் வேண்டாம்.

முதலில் சிமெண்டைக் கேட்போம். 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் போர்ட்லண்டு சிமெண்டு என்ற பெயரில் உரிமை வாங்கினார். அதற்குப் பின் உலகமே அதனால் கட்டப்பட்டு வருகிறது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1450 டிகிரி உஷ்ணத்தில் சுட்டால்தான் சிமெண்டுக்கு வேண்டிய கட்டி கிடைக்கும். அந்த நெருப்புக்கு எரிகிற நிலக்கரி ஒரு பக்கம் இருக்க, சுண்ணாம்புக் கல்லே தன் எடையில் 100-க்கு 44 பங்கைக் கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடுகிறது. எதை எரித்துச் சுட்டாலும் இது போகாது. அது கல்லின் குணம். இரண்டையும் கூட்டினால், கலப்பில்லாத சிமெண்டு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு ஆகாயத்தில் சேருகிறது. உலகத்தில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் 100-க்கு 7, 8 பங்கு சிமெண்டால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வாயு பூமியைப் போர்வை போல மூடுவதால்தான் உஷ்ணம் ஏறுகிறது. அதாவது, வெய்யிலுக்குப் பயந்து வீடு கட்டுகிறோம். அந்த வீடே வெய்யிலை வளர்க்கிறது.

ஆகையால் சிமெண்டே கூடாதா என்றால், அப்படிச் சொல்லுவது மூடத்தனம். பாலத்துக்கும் அணைக்கும் அது வேண்டும். குறைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அறிவு. சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய தேசங்களின் அறிஞர்கள் கூடி ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சிமெண்டுக் கட்டியைப் பாதியாக்கிவிட்டு, மீதிக்குச் சுட்ட களிமண்ணும், சுடாத சுண்ணாம்புக்கல் பொடியும், கொஞ்சம் ஜிப்சமும் சேர்க்கிறார்கள். அந்தக் களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி உஷ்ணம் போதும். வெளியேறும் வாயு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. டில்லியிலும் சென்னையிலும் உள்ள ஐ.ஐ.டி.க்கள் இதில் பாடுபட்டிருக்கின்றன. 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கு இலக்கணமும் வகுத்துவிட்டது.

அடுத்தது செங்கல். நல்ல வயலின் மேல்மண்ணை வெட்டி எடுத்து, அச்சில் வார்த்து, சூளையில் ஆயிரம் டிகிரி அளவில் சுடுகிறோம். நெருப்புக் கணக்கும் மண் கணக்கும் இருக்கட்டும். நான்காவது கேள்வியைக் கேளுங்கள். சூளையில் கல் அறுப்பவர்கள் யார்? முன்பணம் என்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, பெண்சாதி பிள்ளைகளோடு வந்து, அந்தக் கடன் தீரும் வரையில் சூளையை விட்டு நகர முடியாமல் கிடக்கிற குடும்பங்கள் எத்தனை! கொத்தடிமை கூடாது என்று 1976-ல் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின்னும் எத்தனையோ தடவை அதிகாரிகள் போய்ச் சூளைகளிலிருந்து குடும்பங்களை மீட்டிருக்கிறார்கள். எல்லாச் சூளையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல் வாங்குகிறபோது விலை கேட்கிற நாம், இதையும் கேட்டால் என்ன?

சூளையே வேண்டாத கல்லும் இருக்கிறது. அனல் மின்சார நிலையங்களில் நிலக்கரி எரிந்த சாம்பல் மலையாகக் குவிகிறது. அதோடு சுண்ணாம்போ சிமெண்டோ, ஜிப்சம், மணல் சேர்த்து அழுத்தி, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தினால் சாம்பல் கல் ஆகிறது, சுட வேண்டியதில்லை. மின்சார நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்பவர்கள் 100-க்கு 25 பங்காவது சாம்பல் சேர்க்க வேண்டும் என்று 1999-ல் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னைப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு இந்தக் கல் கிட்டத்திலேயே கிடைக்கும். நூற்றுக்கணக்கான மைல் லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் இரண்டாவது கேள்வியில் தோற்றுவிடும்.

மண்ணே கல்லாகவும் ஆகும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் கிராமத்துக்கேற்ற தொழில் முறைகளை ஆராய ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். மணற்பாங்கான மண்ணோடு 100-க்கு 5 முதல் 8 பங்கு சிமெண்டு சேர்த்து, கைப்பொறியில் அழுத்திக் கல் செய்து, மூன்று நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்துக் கட்டுகிற முறையை அவர்கள் வளர்த்தார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லிலும் இந்தக் கல்லால் பெரிய கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. ஆனால் எல்லா மண்ணும் ஆகாது. கண்ணாடிப் போத்தலில் பாதி மண்ணும் மீதி தண்ணீருமாக விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் அடியில் தங்கும், வண்டல் அதன்மேல், களி எல்லாவற்றுக்கும் மேல். மணலும் சரளையும் பாதிக்கு மேல் இருந்தால் முயன்று பார்க்கலாம். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதை நம்பிக் கட்டக் கூடாது.

நிற்க. இவ்விடத்தில் உங்களில் சிலருக்கு ஓர் ஆக்ஷேபணை இருக்கும். அது மிகவும் நியாயமான ஆக்ஷேபணை. "ஐயா, எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மண் குடிசையில் கிடந்தோம். இப்போதுதான் கான்கிரீட்டு வீடு கிடைத்திருக்கிறது. இந்தச் சமயம் பார்த்து, மண் நல்லது, சிமெண்டு கெடுதல் என்று பேச வந்துவிட்டீர்களே!" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் 19-ம் நூற்றாண்டில் நாடார் சமூகத்தார் ஒரு தட்டுக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்று வைத்திருந்தார்கள். பணமில்லாமையால் அல்ல, ஜாதியால் வந்த தடை அது. 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஓலைக்கூரையின் அழகைப் பற்றி அந்த ஜனங்களிடம் யார் போய்ப் பேச முடியும்? மச்சு வீடு என்பது நம்மில் பலருக்கு வெறும் சௌகரியம் அல்ல, மானம்.

ஆகையால் குடிசைக்குத் திரும்புங்கள் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். மாடி வீட்டில் குளிர்சாதனத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டு ஏழையை மண் வீட்டில் இருக்கச் சொல்லுகிறவனை, "முதலில் நீ போய் இரு" என்று சொல்லுங்கள். எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் 1945-ல் லக்சார் நகருக்குப் பக்கத்தில் மண் கல்லாலேயே ஒரு கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். அழகான வீடுகள், குளிர்ச்சியான வீடுகள். ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அந்த ஜனங்களில் பெரும்பாலோர் குடிபோக மறுத்துவிட்டார்கள். அவர்கள் பிழைப்பு பழைய ஊரில், பழைய கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களோடு இருந்தது. குடியிருக்கப் போகிறவனைக் கேட்காமல் கட்டின வீடு எவ்வளவு நல்லதானாலும் வீடாகாது.

ஆனால் தோழர்களே, அந்த மானத்துக்காகக் கிடைத்த கான்கிரீட்டு வீட்டில் ராத்திரி தூங்க முடிகிறதா என்பதையும் யோசியுங்கள். வெறும் சிமெண்டுத் தளம் தன்மேல் விழும் வெய்யிலில் பத்தில் ஆறு, ஏழு பங்கைக் குடித்துக்கொள்ளுகிறது. குடித்த உஷ்ணம் நான்கைந்து அங்குலத்தைக் கடந்து கீழே வரச் சில மணி நேரம் ஆகிறது. அதனால்தான் வேலை முடிந்து களைத்துப் படுக்கிறபோது தளம் தோசைக்கல் போல நம் தலைமேல் காய்கிறது. பணக்காரன் யந்திரம் வைத்துத் தப்பித்துக்கொள்ளுகிறான். ஏழை வியர்வையாகவும் வியாதியாகவும் அந்த வரியைக் கட்டுகிறான். 2010 மே மாதம் ஆமதாபாத்தில் அடித்த அனலில், வழக்கமாக இறப்பவர்களைவிட 1,300 பேருக்குமேல் கூடுதலாகச் செத்தார்கள். அதற்குப் பின்தான் அந்நகரம் 2013-ல் அனல் காப்புத் திட்டம் போட்டது. 2017-ல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூச ஆரம்பித்தது. தெலங்கானா சர்க்கார் 2023-ல் குளிர்ந்த கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது.

வெள்ளை பூசுவது என்ன பெரிய வித்தை? புதிதாகப் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு வெய்யிலில் பெரும் பங்கைத் திருப்பி ஆகாயத்துக்கே அனுப்பிவிடுகிறது. மழையில் கரையும், தூசியில் மங்கும். ஆகையால் வருஷா வருஷம் மாசி பங்குனியில் திரும்பப் பூச வேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கிற நாம், இரண்டு மாதம் கழித்துத் தளத்துக்கும் அடித்தால் ஒன்றும் முழுகிவிடாது. நம்பிக்கையில்லாவிட்டால் பாதித் தளத்துக்கு மட்டும் அடியுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு பாதியிலும் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். கால் பொய் சொல்லாது.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு மலிவு என்று கூரைக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கிறது. அறுக்கிறபோதும் உடைகிறபோதும் கிளம்புகிற தூசிதான் ஆபத்து. இன்று மிச்சம் பிடிக்கிற பணம் நாளை மார்பில் வந்து உட்காரும்.

மானமும் கெடாமல், பணமும் குறைவாக, உஷ்ணமும் இல்லாமல் கட்ட முடியுமா? கட்டிக் காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து 1945-ல் இந்தியாவுக்கு வந்து, கேரளத்தில் குடியேறி, இந்தியப் பிரஜையாகவே 2007-ல் காலமான லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் ஏராளமாகக் கட்டினார். ஏழைக்கு ஒரு முறை, படித்தவனுக்கு ஒரு முறை என்று அவர் வைக்கவில்லை. உள்ளூரில் பேராசிரியர்கள் வேலை செய்யும் வளர்ச்சி ஆய்வு மையத்தையும் அதே முறையில்தான் கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது ஒன்று. எலிப்பொறிக் கட்டு என்பார்கள். நாலில் ஒரு பங்கு கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெய்யிலைத் தடுக்கிறது. தளம் போடுகிறபோது கம்பிகளுக்கு இடையே அடிப்பக்கத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து, அதன்மேல் கான்கிரீட்டுப் போடுவது இன்னொன்று. அடிப்பக்கத்துக் கான்கிரீட்டு பெரும்பாலும் பாரமே ஒழியப் பலம் அல்ல. அதைக் குறைத்தால் சிமெண்டும் மிச்சம், உஷ்ணமும் குறைவு.

ஆகவே இந்த வாசகசாலைக்கு நான் சொல்லுவது இதுதான். நீளச் சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கட்டும். மேற்குச் சுவர் குட்டையாக, ஜன்னல் குறைவாக இருக்கட்டும். இதைச் சூரியனைப் பார்த்துச் சொல்லுகிறேன், சாஸ்திரத்தைப் பார்த்து அல்ல. கிட்டத்தில் சாம்பல் கல் கிடைத்தால் அதை வாங்குங்கள். ஊர் மண் தேறினால் மண் கல் செய்யுங்கள். சுவரை வெற்றிடம் விட்டுக் கட்டுங்கள். ஓடு வைத்துத் தளம் போடுங்கள். கம்பிக் கணக்கை மட்டும் படித்த இஞ்சினீயரிடம் கேளுங்கள். மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம், அதற்கும் மேலே வெள்ளை. ஊர்க் கொத்தனாரையும் சித்தாள் அம்மாளையும் முதல் நாளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள், கட்டப்போகிறவர்கள் அவர்கள்.

இந்தக் கட்டடம் நின்றுவிட்டால், வெய்யில் காலத்தில் கூலி வேலை முடிந்து வருகிற ஒருவன் இங்கே வந்து உட்கார்ந்து பத்திரிகை படிப்பான். "என் வீட்டைவிட இங்கே குளிர்ச்சியாக இருக்கிறதே, எப்படி?" என்று கேட்பான். அந்தக் கேள்வி ஒன்றுக்காகவே இதைக் கட்டலாம்.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். போத்தலில் மண்ணைக் குலுக்கிப் பாருங்கள். தளத்தில் காலை வைத்துப் பாருங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.