காவித் தண்ணீர்: ஃபில்டர் கோளாறை நாமே சரிசெய்வோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எப்போதும் கணக்கையே பேசுகிறோம். இன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். இதுவும் கணக்கோடு சேர்ந்ததுதான். போர் தண்ணியில இரும்பு இருக்குன்னு வீட்டில் ஃபில்டர் வைத்தவர்கள் நம்மில் பலர். உள்கடன் வாங்கி வைத்தவர்களும் உண்டு. நாங்கள் வீடு வீடாகப் போகும்போது அந்த டிரம்மில் தவிடு கொட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். கேட்டால், "அது வேலை செய்யலக்கா" என்கிறார்கள். தவணை மட்டும் ஓடுகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தெருக்கோடிக்கு நடப்பது யார்? நாம்தான்.

பெரும்பாலான கோளாறுகளை நம் கையாலேயே சரிசெய்யலாம். அதற்கு முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பூமிக்கு அடியில் காற்று இல்லை. அங்கே இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அடித்த உடனே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. காற்று பட்டதும் இரும்பு துருவாக மாறி, காவித் தூளாகப் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியில் கறை பிடிக்கும். டீ கறுப்பதும் இதனால்தான்.

ஆக, ஃபில்டரில் இரண்டு வேலை. மேலே உள்ள ஓட்டை போட்ட வாளி, தண்ணீரைப் பூவாளி மாதிரி சொட்டவிட்டுக் காற்று படச் செய்கிறது. கீழே உள்ள மணல், துருவைப் பிடித்துக்கொள்கிறது. எந்த வேலை நடக்கவில்லை என்று கண்டுபிடித்தால் போதும்.

டம்ளர் சோதனை

ஃபில்டர் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள்.

பிடிக்கும்போதே காவியாக இருந்தால், கோளாறு மணலில். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் காவியானால், காற்று போதவில்லை. காலையிலும் தெளிவாக இருந்தால், ஃபில்டர் நன்றாக வேலை செய்கிறது.

காற்று போதாவிட்டால்

மேல் வாளியின் ஓட்டைகள் துருவால் அடைத்திருக்கும். ஆணியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வாளியை இன்னும் ஒரு முழம் உயர்த்துங்கள். போர் குழாயை நேராக மணலில் விடாதீர்கள். அப்படியும் சரியாகாவிட்டால், தண்ணீரை ஒரு தொட்டியில் சில மணி நேரம் நிற்கவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். சில ஊர்த் தண்ணீரில் புளிப்புத்தன்மை இருக்கும், அதாவது பிஹெச் 7க்குக் கீழே. அங்கே இரும்பு துருவாக மாற நேரமாகும். சுண்ணாம்புக்கல் ஜல்லியை மேல் வாளியில் போட்டால் உதவும்.

மணலில் கோளாறு என்றால்

தண்ணீர் நூல் மாதிரி வருகிறதா? மேல் மணலில் துரு அடைத்துவிட்டது. மேலே இரண்டு விரல் ஆழத்துக்கு மணலை எடுத்து, கலங்கல் போகும்வரை அலசி, மறுபடியும் போடுங்கள். தண்ணீர் வேகமாகவும் காவியாகவும் வருகிறதா? டிரம் ஓரமாக மணலில் வழி விழுந்திருக்கும். மணலை முழுக்க எடுத்து அலசுங்கள். அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் மணல் என்று சமமாகப் பரப்புங்கள். மணல் மேல் ஒரு தட்டையான கல்லை வைத்தால், ஊற்றும்போது குழி விழாது. கறுப்புத் தூள் வந்தால் பயம் வேண்டாம், கரியைச் சரியாகக் கழுவவில்லை, அவ்வளவுதான்.

வழவழப்பும் நாற்றமும்

டிரம்மிலும் குழாயிலும் காவி நிறத்தில் சளி மாதிரி படிந்தால், அது இரும்பைத் தின்று வளரும் ஒருவகைக் கிருமி. பொதுவாக இதனால் நோய் வராது, ஆனால் நாறும், அடைக்கும். டிரம்மைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தண்ணீரால் அலசி, வெயிலில் காயவைத்து, புது மணல் போடுங்கள். போரிலேயே சளி இருந்தால், போருக்கும் பிளீச்சிங் போட வேண்டும். அளவை ஊராட்சியில் கேட்டுப் போடுங்கள். போட்டதும் தண்ணீர் செக்கச்செவேல் என்று வரும். கரைந்திருந்த இரும்புதான் வெளியே வருகிறது. தெளியும்வரை இறைத்துக் கொட்டிவிடுங்கள்.

மறக்கக் கூடாதவை

இந்த ஃபில்டர் இரும்பைத்தான் எடுக்கும். உப்பை எடுக்காது, ஃப்ளோரைடை எடுக்காது, நோய்க் கிருமியையும் முழுசாகக் கொல்லாது. அதனால் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

"தண்ணியிலயே இரும்பு இருக்கே, மாத்திரை எதுக்கு?" என்று சில கர்ப்பிணிப் பெண்கள் கேட்கிறார்கள். தண்ணீரில் உள்ள துருவை நம்பி ரத்தசோகை மாத்திரையை நிறுத்தவே கூடாது. நர்ஸம்மா கொடுக்கும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்.

ஆர்.ஓ. மிஷின் விற்க வருகிறவர்களிடம் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். இரும்புத் தண்ணீரை நேராக விட்டால் அந்த மிஷினும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு 5 பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே என்று ஊராட்சியில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்வோம். எத்தனை வீட்டில் ஃபில்டர் இருக்கிறது, எத்தனை ஓடுகிறது என்று எண்ணித் தீர்மான நோட்டில் எழுதுவோம். நின்றுபோனதை இரண்டு பேர் சேர்ந்து போய்ச் சரிசெய்வோம். தனியாக மணல் அலசினால் அரை நாள் போகும். கூடி அலசினால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும்.